சென்னையில் பட்டாசுக் கடைகள்: உரிமம், இடைவெளி, சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி நெருங்கினால் சென்னையில் மைதானங்களில் தகரக் கொட்டகைகள் எழும்ப ஆரம்பிக்கும். கூடவே கேள்விகளும் வரும். கடை போட நினைப்பவர்கள் ஒரு பக்கம் கேட்பார்கள், கடைக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் இன்னொரு பக்கம் கேட்பார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்கப் போகிறவர்களுக்கும் சந்தேகங்கள் உண்டு. மூன்று தரப்புக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதியதுதான் என்றாலும், அடிப்படை விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்றே.

பட்டாசுக் கடைக்கு அனுமதி தருவது யார்? மாநகராட்சியா, போலீசா?

பட்டாசு சட்டத்தின் பார்வையில் வெடிபொருள். அதனால் அதற்கான சட்டம் மத்திய அரசினுடையது: 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், அதன் கீழ் வந்த 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும். இதற்கெல்லாம் மேலே நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ இருக்கிறது. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம் என்பது அதன் முழுப் பெயர். தொழிற்சாலை, பெரிய கிடங்கு போன்றவை பெசோவின் கையில் இருக்கின்றன.

சில்லறைக் கடை அளவுக்கு வரும்போது அதிகாரம் உள்ளூருக்கு இறங்கிவிடும். மாவட்டங்களில் ஆட்சியர் உரிமம் தருகிறார். சென்னையில் காவல் ஆணையர். மாநகராட்சிக்கும் பங்கு உண்டு, இட ஆவணம், சொத்து வரி ரசீது, குப்பை, மைதானம் எல்லாம் அதனுடையவை. ஆனால் உரிமத்தில் கையெழுத்துப் போடுவது மாநகராட்சி அல்ல.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. 2022 தொடக்கத்திலிருந்து ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் தனிக் காவல் ஆணையரகங்கள் இருக்கின்றன. அம்பத்தூர்க்காரர் சென்னை மாநகராட்சிக்கு வரி கட்டுவார், ஆனால் அவருடைய காவல் எல்லை ஆவடி. ஆகவே விண்ணப்பம் போக வேண்டியது ஆவடி ஆணையரகத்துக்கு. உங்கள் இடம் எந்தக் காவல் நிலையத்தின் கீழ் வருகிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள்.

விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும்?

ஏஇ-5 என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கிற உரிமம் எல்இ-5 படிவத்தில் இருக்கும். கடை எங்கே, சுற்றி என்ன இருக்கிறது என்று அளவோடு காட்டும் வரைபடம், இடம் சொந்தம் என்றால் பத்திரம், வாடகை என்றால் ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதமும், சொத்து வரி ரசீது, அடையாள அட்டை, புகைப்படம், கட்டணம் கட்டிய சலான். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றும் தேவை. மாவட்டங்களில் இ-சேவை மையம் வழியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஒவ்வோர் ஆண்டும் கடைசித் தேதியை அறிவித்துவிடுவார்கள். அதைத் தவறவிட்டால் அப்புறம் யாரைப் பிடித்தும் பயனில்லை. இன்னொன்று: உரிமம் கைக்கு வருவதற்கு முன்னால் சிவகாசிக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். சரக்கு லாரியில் ஏறிவிட்டது, உரிமம் வரவில்லை என்ற நிலையில்தான் பெட்டிகள் வீட்டு மாடிக்கும் மளிகைக் கடையின் பின்கட்டுக்கும் போகின்றன. விபத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

நிரந்தரக் கடைக்கும் தீபாவளிக் கடைக்கும் என்ன வித்தியாசம்?

நிரந்தரக் கடை ஆண்டு முழுவதும் திறந்திருப்பது. கல்யாணம், கோயில் திருவிழா, கட்சி ஊர்வலம் எல்லாவற்றுக்கும் அங்கேதான் வாங்குவார்கள். அதற்குச் செங்கல், கல் அல்லது கான்கிரீட்டில் கட்டிய கடை வேண்டும். 9 சதுர மீட்டருக்குக் குறையவும் கூடாது, 25 சதுர மீட்டரைத் தாண்டவும் கூடாது. தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். மாடிப்படிக்கு அடியிலோ, லிப்ட்டுக்குப் பக்கத்திலோ, அடித்தளத்திலோ கூடாது. மேலே ஆள் குடியிருக்கக் கூடாது. வெளியிலிருந்து தனி வாசலும், ஆபத்தில் வெளியேற இன்னொரு வழியும் வேண்டும், கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இதே மாதிரி சரக்கோ, எளிதில் தீப்பிடிக்கும் பொருளோ வைக்கும் வேறோர் இடத்திலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

தற்காலிகக் கடை பண்டிகை நாட்களுக்கு மட்டும். அதில் கட்டடத்தைவிட இடைவெளிக்கு முக்கியத்துவம் தருகிறார்கள்.

அந்த இடைவெளிக் கணக்கு என்ன? ஏன் அதில் இவ்வளவு கண்டிப்பு?

2008 விதிகளில் 84ஆம் விதியைப் படித்துப் பாருங்கள், மைதானத்தில் நீங்கள் பார்க்கும் அமைப்பு முழுவதும் அதிலிருந்து வந்தது என்பது புரியும். கொட்டகை எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும், அதனால்தான் தகரம். கீற்றுக் கொட்டகையும் துணிப் பந்தலும் கூடாது. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் குறைந்தது 3 மீட்டர். வீடு, பள்ளி, கோயில் போன்ற பாதுகாக்க வேண்டிய இடங்களிலிருந்து 50 மீட்டர். கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி எதிரெதிரே இருக்கக் கூடாது. ஒரே தொகுப்பில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. கடையிலிருந்து 50 மீட்டருக்குள் யாரும் வெடித்துக் காட்டக் கூடாது.

எதிரெதிரே கூடாது என்பதைப் பலர் வெறும் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். தீப்பிடித்த பட்டாசுக் கடை நின்ற இடத்தில் எரியாது. ராக்கெட்டும் பேன்சி ரகங்களும் திறந்த பக்கம் வழியாக நாலா திசையிலும் பாயும். எதிரில் இன்னொரு கடை வாயைத் திறந்து நின்றால் அடுத்த நொடி அது எரியும். நடுவில் நிற்கிற கூட்டத்துக்கு ஓட இடம் இருக்காது. பக்கவாட்டில் தகரச் சுவர் இருந்தால் சில நிமிடங்கள் கிடைக்கும். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இந்த 3 மீட்டர்.

ஆனால் நடைமுறையில் இந்த 3 மீட்டர் சந்து நாள் ஆக ஆக நிரம்பிவிடும். காலி அட்டைப்பெட்டி, பணியாளர்களின் பைகள், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். வரைபடத்தில் இருந்த இடைவெளி தீபாவளிக்கு முந்தின இரவும் இருந்தால்தான் அந்த உரிமத்துக்கு அர்த்தம். என்னைக் கேட்டால், உரிமம் தருவதற்கு முன் வருகிற ஆய்வைவிடக் கடைசி மூன்று நாட்களில் மாலை வேளையில் வருகிற ஆய்வுதான் உயிரைக் காப்பாற்றும்.

ஒரு கடையில் எவ்வளவு சரக்கு வைக்கலாம்?

தற்காலிகக் கடையில் பட்டாசு 100 கிலோ வரை. கம்பி மத்தாப்பு, சீனி வெடி வகையறா தனியாக 500 கிலோ வரை. 100 கிலோ என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தெரியும். நல்ல வியாபாரம் நடக்கிற கடைக்கு அது போதாது. எனவே முறையாகச் செய்கிறவர்கள் உரிமம் பெற்ற கிடங்கிலிருந்து விற்க விற்க வரவழைக்கிறார்கள். மற்றவர்கள் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு அடுக்குகிறார்கள், அல்லது தெருவில் வேனை நிறுத்திக் குடோனாக்குகிறார்கள். கடைக்குப் பின்பக்கம் ஒரு முறை எட்டிப் பாருங்கள், கடை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

தீவுத்திடலில் ஏன் விற்கிறார்கள்?

சென்னையின் மொத்தப் பட்டாசு வியாபாரம் ஒரு காலத்தில் பாரிமுனைப் பக்கம் பந்தர் தெருவிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் நடந்தது. அந்தச் சந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு தள்ளுவண்டி குறுக்கே நின்றால் நடக்க முடியாது, தீயணைப்பு வண்டி எங்கே நுழைவது? அந்த வியாபாரத்தைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்ததுதான் தீவுத்திடல். இடம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது, கடைகளை ஏலம், டெண்டர் மூலம் ஒதுக்குகிறார்கள். டெண்டர் தொடர்பாகச் சில ஆண்டுகளில் வியாபாரிகளுக்குள் வழக்குகளும் நடந்திருக்கின்றன. வாடகை கூடினால் அது கடைசியில் பெட்டியின் விலையில்தான் வந்து சேரும், அந்தக் குறை நியாயமானது. இருந்தாலும் ஆயிரக்கணக்கானோர் கூடுகிற விற்பனை வீடுகளுக்கு நடுவில் நடப்பதைவிட இதுவே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

கூட்டுறவுப் பண்டகசாலைகளிலும் பட்டாசு விற்கிறார்கள். அரசு சார்ந்தது என்பதால் அவற்றுக்கு விதி தளர்வு ஒன்றும் இல்லை. உரிமம் அவர்களுக்கும் வேண்டும்.

சோதனைக்கு வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

காவல் துறையும் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையும் இடத்தைப் பார்க்கும். காவல் துறை பெரும்பாலும் காகிதம், இடம், போக்குவரத்து, கூட்டம் ஆகியவற்றைப் பார்க்கும். தீயணைப்பு நிலைய அதிகாரி தண்ணீர்ப் பீப்பாய், மணல் வாளி, தீயணைப்பான் கருவி, வெளியேறும் வழி, மின்சார இணைப்பு எல்லாவற்றையும் பார்ப்பார்.

மின்சாரம் தனிக் கவனம் பெற வேண்டிய விஷயம். விளக்கு சுவரிலோ கூரையிலோ இறுக்கிப் பொருத்தியிருக்க வேண்டும், ஒயரில் தொங்கக் கூடாது. சுவிட்சும் அப்படியே. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே இடத்தில் மொத்தத்தையும் அணைக்கும் முதன்மை சுவிட்ச் வேண்டும். எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு, திறந்த சுடர் எதுவும் கடையிலும் பாதுகாப்புத் தூரத்திலும் கூடாது. சாயங்காலம் சாமி படத்துக்கு ஏற்றும் அகல் விளக்கும் ஊதுபத்தியும் இதில் அடக்கம். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பகுதியில் ஒரு மைதானத்தில் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்தது இது. சிவப்பு வாளிகள் வரிசையாக, புதுப் பெயின்ட்டோடு, அழகாகத் தொங்கின. அதிகாரி ஒரு வாளியை இறக்கி மணலில் விரலை விட்டார். விரல் இறங்கவில்லை. மூன்று நாள் மழையில் நனைந்து, பிறகு காய்ந்து, கல்லாக இறுகிப்போன மணல். அடுத்த வாளியிலும் அதே கதை. எல்லாவற்றையும் கொட்டி உதிர்த்து மறுபடி நிரப்பிய பிறகுதான் அவர் அங்கிருந்து நகர்ந்தார். ஐப்பசி மழை பெய்கிற ஊரில் மணல் வாளிக்கு மூடி போடுவது எவ்வளவு சின்ன வேலை, எவ்வளவு பெரிய வேலை!

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கடையில் பட்டாசு அடுக்குகிறார்கள். புகார் சொன்னால் பகையாகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

தயங்க வேண்டாம். ஏன் என்று சொல்ல இரண்டு சம்பவங்கள் போதும்.

2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் ஒரு பட்டாசுக் கிடங்கில் வண்டியில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. பக்கத்திலேயே ஒரு ஸ்கேன் மையம். புகை அதற்குள் புகுந்து, உள்ளே இருந்தவர்கள் வெளியே வர வழியில்லாமல் மூச்சுத் திணறினார்கள். அன்று 8 பேர் இறந்தார்கள். அவர்களில் பலருக்குப் பட்டாசோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, ஸ்கேன் எடுக்க வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும்தான்.

2021 அக்டோபர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில், தீபாவளிக்குப் பட்டாசு அடுக்கி வைத்திருந்த கடையில் தீ. பக்கத்துப் பேக்கரியின் சிலிண்டர்களுக்கும் தீ பரவி அவையும் வெடித்தன. அதிலும் உயிர்கள் போயின.

இரண்டிலும் கொன்றது பட்டாசு மட்டுமல்ல, அதை ஒட்டியிருந்த இன்னொரு தொழில். 15 மீட்டர், 50 மீட்டர் என்று விதியில் எழுதியிருப்பது இதைத் தடுக்கத்தான். ஆகவே முதலில் கடைக்காரரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் காவல் நிலையத்துக்கும் ஆணையர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள், புகைப்படமும் தேதியும் சேர்த்து. சங்கத்தின் பெயரில் போனால் தனிப்பட்ட பகை என்ற பேச்சு வராது. தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். ஆபத்து கண்ணெதிரே இருந்தால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் 112 அல்லது 101.

தீபாவளிச் சீட்டு பிடிக்கிறவர் கிஃப்ட் பாக்ஸ்களை வீட்டில் வைத்துத்தான் கொடுக்கிறார். அதுவும் தப்பா?

நம் வீட்டுப் பிள்ளைகள் வெடிக்க இரண்டு பெட்டி வாங்கி வைப்பது வேறு. ஐம்பது குடும்பங்களுக்குக் கொடுக்க ஐம்பது பெட்டியை ஹாலில் அடுக்குவது வேறு. பணம் மாதாமாதம் வாங்கியாயிற்று, பெட்டி கைமாறுகிறது, ஆகவே அது விற்பனை. விற்பனைக்கு உரிமம் வேண்டும். சீட்டு நடத்தும் அக்காவோ அண்ணனோ நல்லவர்களாக இருக்கலாம், பல வருடம் தெரிந்தவர்களாக இருக்கலாம். அந்த ஹாலுக்கு அடுத்த அறைதான் சமையல்கட்டு. உரிமம் உள்ள கடையில் டோக்கன் வாங்கிக் கொடுத்து, பெட்டியை அங்கேயே எடுத்துக்கொள்ளச் சொல்வதுதான் சரியான வழி. பல சீட்டுக்காரர்கள் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

கூடாது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அர்ஜுன் கோபால் வழக்கில் தந்த தீர்ப்பு, இணையதளங்கள் வழியாகப் பட்டாசு விற்பதைத் தடை செய்தது. உரிமம் பெற்ற வியாபாரி வழியாக மட்டுமே விற்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பு. காரணம் எளிது: பட்டாசை கூரியரிலும் பார்சலிலும் அனுப்ப முடியாது. ஆம்னி பஸ்ஸின் அடியில் ஐம்பது கிலோ பட்டாசு வந்தால், மேலே தூங்கி வருகிறவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ரயிலில் கொண்டுபோனால் ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை.

இன்னொரு பக்கம், "சிவகாசி நேரடி விலை, 80 சதவீதத் தள்ளுபடி" என்று வருகிற தளங்களில் பல வெறும் மோசடி. பணம் போகும், பெட்டி வராது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வங்கியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

பசுமைப் பட்டாசு என்று கடைக்காரர் சொல்கிறார். எப்படி நம்புவது?

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பசுமைப் பட்டாசின் கலவையை உருவாக்கியது நாக்பூரில் உள்ள நீரி என்கிற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம். ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று மூன்று வகை. வழக்கமான பட்டாசைவிடப் புகைத்துகள் குறைந்தது 30 சதவீதம் குறைய வேண்டும் என்பது இலக்கு. பெட்டியில் நீரியின் பச்சை முத்திரையும் க்யூஆர் குறியீடும் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயர், உரிம எண், ஒலி அளவு ஆகியவையும். இவை எதுவும் இல்லாமல் "கிரீன்" என்று பெரிய எழுத்தில் மட்டும் அச்சடித்திருந்தால் நம்ப வேண்டாம்.

புகை குறைவு என்பதற்கு நெருப்பு குறைவு என்று பொருள் அல்ல. பசுமைப் பட்டாசும் கையைச் சுடும், கூரையைக் கொளுத்தும். எனவே கடை விதியில் அதற்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

சரவெடி விற்கலாமா?

2018 தீர்ப்பு சரவெடியைத் தடை செய்தது, பேரியம் உப்பு கலந்த பட்டாசையும் தடை செய்தது. 2021 அக்டோபரில் அதை மறுபடியும் வலியுறுத்தினார்கள். 2023 செப்டம்பரில், பசுமை முறையில் சரவெடியும் பேரியம் ரகங்களும் தயாரிக்க அனுமதி கேட்டபோதும் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கந்தகத்தோடு குளோரேட் கலந்த வெடிகளுக்கு 1992லிருந்தே தடை, உரசினாலே வெடிக்கும் கலவை அது. வெளிநாட்டிலிருந்து கடத்தி வருகிற பட்டாசுகளுக்கும் அனுமதி இல்லை.

இந்தத் தடை சிவகாசியில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பில் கை வைத்தது. சரவெடி பின்னிப் பிழைத்தவர்களின் வேலை போனதை லேசாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு மாற்று வேலை தருவது அரசுகளின் கடமை. ஆனால் சென்னையில் கடை போடுகிறவர் தடை செய்த சரக்கை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கு அது நியாயம் ஆகாது. ஒரு பகுதியில் தடை செய்த ரகம் விற்றால் அந்தக் காவல் நிலையப் பொறுப்பாளரே நேரடியாகப் பொறுப்பு என்றும், அது நீதிமன்ற அவமதிப்பு ஆகும் என்றும் 2018 தீர்ப்பிலேயே இருக்கிறது. புகார் எழுதும்போது இந்த வரியை நினைவூட்டுங்கள், கடிதம் கவனிக்கப்படும்.

சத்தத்துக்கு அளவு உண்டா?

உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே வெடிக்கவே கூடாது. கடைக்காரரால் ஒலியை அளக்க முடியாது, பெட்டியில் அச்சான அளவைத்தான் பார்க்க முடியும். அளப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. பெசன்ட் நகர், தியாகராய நகர், நுங்கம்பாக்கம், திருவல்லிக்கேணி, சவுகார்பேட்டை போன்ற இடங்களில் தீபாவளிக்கு முன்னும் தீபாவளி அன்றும் ஒலியை அளக்கிறார்கள். காற்றை முன்னும் பின்னுமாக ஏழேழு நாள் அளக்கிறார்கள்.

எப்போது வெடிக்கலாம்?

தமிழ்நாட்டில் தீபாவளி அன்று காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை. உச்ச நீதிமன்றம் முதலில் சொன்னது இரவு 8 முதல் 10 வரை. நம் ஊரில் தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலோடு தொடங்குகிற பண்டிகை என்று மாநில அரசு எடுத்துச் சொன்னதும், மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று 2018 அக்டோபர் 30 அன்று நீதிமன்றம் அனுமதித்தது. நேரம் தாண்டி வெடித்தவர்கள் மேல் ஒவ்வோர் ஆண்டும் வழக்குப் பதிவாகிறது.

விதியை மீறி விற்றால் என்ன தண்டனை?

உரிமம் இல்லாமல் விற்றால், வைத்திருந்தால் வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனக்குறைவாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் குற்றங்களுக்குத் தண்டனை வகுக்கும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 288ஆவது பிரிவும் சேரும். சரக்கைப் பறிமுதல் செய்வார்கள், உரிமம் இருந்தால் அதை நிறுத்தவோ ரத்து செய்யவோ முடியும். 3,000 ரூபாய் என்பது இன்றைக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் விலைகூடச் சில இடங்களில் இருக்கலாம். அபராதம் இந்த அளவில் இருக்கும்வரை வியாபாரி பயப்படுவது உரிம ரத்துக்கும் பறிமுதலுக்கும் மட்டும்தான். அந்த இரண்டையும் அதிகாரிகள் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

லீவில் இருக்கும் பையன்களைக் கடையில் வேலைக்கு வைக்கலாமா?

18 வயது நிரம்பாதவர்களை வைக்கவே கூடாது. நிரம்பியவர்களை வைத்தாலும் முதல் நாளே சில விஷயங்களைக் கற்றுக்கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்: முதன்மை சுவிட்ச் எங்கே, தீயணைப்பானின் ஊசியை எப்படி இழுப்பது, எந்தப் பக்கம் ஓடுவது.

2023 அக்டோபர் 7 அன்று ஓசூரை அடுத்த கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளியில், ஒரு பட்டாசுக் கடையோடு இருந்த கிடங்கில் வண்டியிலிருந்து சரக்கு இறக்கும்போது தீ. குறைந்தது 14 பேர் இறந்தார்கள். பலர் தமிழ்நாட்டிலிருந்து தீபாவளிப் பருவத்துக்கு மட்டும் கூலிக்குப் போன இளைஞர்கள், கல்லூரிச் செலவுக்குச் சம்பாதிக்கப் போனவர்களும் அவர்களில் உண்டு. உள்ளே இருந்தவர்கள் தப்பிக்க முடியாமல் போனார்கள். கடையின் பின்பகுதியில் ஆளை நிறுத்தி, முன் வாசல் முழுக்கச் சரக்கு இறக்குகிற பழக்கம் நம் கடைகளிலும் இருக்கிறது. சரக்கு இறங்கும் நேரத்தில் வாடிக்கையாளரையும் பணியாளர்களையும் வெளியே நிறுத்துங்கள். அரை மணி நேர வியாபாரம் போனால் போகட்டும்.

விற்காமல் மிஞ்சிய சரக்கை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாமா?

உரிமத்தில் எழுதியிருக்கும் கடைசித் தேதி முடிந்த மறுநாள், அந்தச் சரக்கு உரிமம் இல்லாத சரக்கு. வீட்டில் வைத்தாலும் குற்றம், பக்கத்து ஊர் மச்சானின் கொட்டகையில் வைத்தாலும் குற்றம். உரிமம் உள்ள கிடங்குக்கோ, வாங்கிய மொத்த வியாபாரிக்கோ திருப்பி அனுப்பிவிட வேண்டும். சரக்கு எடுக்கும்போதே மிச்சத்தைத் திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஈரம் பட்டுக் காய்ந்த பட்டாசு அடுத்த வருடம் எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெடித்த குப்பையை எங்கே போடுவது?

வீட்டுக் குப்பையோடு கலக்க வேண்டாம். சென்னை மாநகராட்சி பட்டாசுக் குப்பையைத் தனியாக வாங்கி, அபாயகரமான கழிவுகளைக் கையாளும் கும்மிடிப்பூண்டி மையத்துக்கு அனுப்புகிறது. வெடிக்காமல் புஸ்ஸென்று போனவற்றை முதலில் வாளித் தண்ணீரில் ஊறவிடுங்கள். பிறகு தனிப் பையில் கட்டி, காலையில் வரும் தூய்மைப் பணியாளரிடம் இது பட்டாசுக் குப்பை என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு முழு வெடி அந்தப் பையில் இருந்தால் அதைக் கையால் பிரிக்கப் போவது அவர்தான். குப்பை எடுக்க யாரும் வரவில்லை என்றால் மாநகராட்சியின் 1913க்கு அழைக்கலாம்.